புதுப் போனும் பழகின கையும்

போன மாதம் மாமியார் ஊருக்குப் போயிருந்தேன். திருவண்ணாமலையில் செஞ்சி போகிற பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணிக்குள் கீழ்பென்னாத்தூர். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் வேர்க்கடலைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு நாளாக மாமியார் போனை எடுக்கவில்லை!

மணி போகிறது, எடுக்கவில்லை. பெங்களூரிலிருந்து நாத்தனார் பதினோரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் அழுகிறாள். "அண்ணி, அம்மா எங்கனா கீழ விழுந்துட்டாங்களோ?" அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. தனியாக இருக்கிறார். கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாமென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள். நான் கையில் கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

போய் இறங்கினால், அத்தை திண்ணையில் சாவகாசமாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார்!

"இன்னா கண்ணு, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?"

"போன் எங்கே அத்தே? ரெண்டு நாளா எல்லாரும் கூப்பிடறோம்!"

"எவன் கூப்ட்டான்? ஒருத்தரும் கூப்புடலியே. தம்பி புச்சா ஒண்ணு வாங்கியாந்து குடுத்துட்டுப் போனான். அது சும்மாதான் கீது."

விஷயம் இதுதான். ஓசூரில் இருக்கிற என் கொழுந்தன் வெள்ளிக்கிழமை வந்து, பதினாலாயிரம் ரூபாயில் வேறு கம்பெனிப் போன் ஒன்றை வாங்கிக் கொடுத்து, சிம்மையும் அதில் மாற்றிப் போட்டுவிட்டு, சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டான். அம்மா மேல் ஆசைதான். 2019-ல் வாங்கிய பழைய போனை அத்தை இன்னமும் வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று அவனுக்கு வருத்தம்.

புதுப் போன் அடித்திருக்கிறது. நன்றாகவே அடித்திருக்கிறது. ஆனால் அது தன் போன் என்று அத்தைக்குத் தெரியவில்லை! "எதிர் வூட்டு டி.வி.யில பாட்டு போவுதுன்னு நெனச்சேன்" என்கிறார். ஒரே ஒரு தடவை கையில் இருக்கும்போதே அடித்ததாம். பழைய போனில் பச்சை வட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் பேசலாம். இதிலோ மேலே தள்ள வேண்டும். அத்தை பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். அது அடித்து ஓய்ந்துவிட்டது. "ரிப்பேர் போல" என்று மஞ்சப்பையில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டார்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வயிற்றைப் பிசைந்தது. நிஜமாகவே கிணற்றடியில் வழுக்கி விழுந்திருந்தால்? பழைய போனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எனக்குப் போன் செய்வார். முதல் பக்கத்தில் என் படம், அதற்குக் கீழே நாத்தனார் படம். புதுப் போனில் ஒன்றுமே இல்லை. பதினாலாயிரம் செலவழித்து அத்தையின் கையிலிருந்த ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டோம்!

கம்பெனிக்குக் கம்பெனி இந்த வித்தியாசங்கள் சின்னச் சின்னவைதாம். நமக்கு அரை நாளில் பழகிவிடும். சாம்சங் போனில் 'பின்னால் போ' என்கிற குறி வழக்கமாக வலது ஓரத்தில் இருக்கும். வேறு பல போன்களில் அது இடது ஓரத்தில். சில போன்களில் குறியே கிடையாது, விரலால் ஓரத்தைத் தேய்க்க வேண்டும். வயதானவர்கள் போனைப் படித்துப் பார்த்து நடத்துவதில்லை, கைப்பழக்கத்தில் நடத்துகிறார்கள். உப்பு ஜாடியை அலமாரியில் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், நாம் எத்தனை நாள் பழைய இடத்திலேயே கையை விடுகிறோம் என்று!

கம்பெனி மாற்றுவது நமக்கொன்றும் புதிதில்லை. எங்கள் வீட்டில் முதல் போன் நோக்கியா. உங்கள் வீட்டிலும் அதுவாகத்தான் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள்! பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி வேலை, கம்பெனி பஸ், தோளில் அடையாள அட்டை. அத்தை தெருவிலேயே ஒரு பெண் போனாள். நாளெல்லாம் நூற்றுக்கணக்கில் போனைக் கையில் எடுத்துச் சோதித்து அனுப்புவாள். வீட்டில் அப்பாவிடம் இருந்ததோ பின்மூடி கழன்று ரப்பர் பேண்டு போட்ட பழசு. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. வரி வழக்கில் மாட்டியிருந்ததால் நம் ஊர்த் தொழிற்சாலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி அது மூடப்பட்டது. அந்தப் பெண் கணக்குத் தீர்த்த பணத்தோடு ஊர் திரும்பினாள். இப்போது தையல் மெஷின் வைத்திருக்கிறாள். அவள் கையில் இருப்பது வேறு கம்பெனிப் போன்.

அப்புறம் எத்தனை பெயர்கள்! ஒரு காலத்தில் கடைக்குக் கடை மைக்ரோமேக்ஸ் போர்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 4ஜி இல்லாத போனில் அந்த சிம் வேலையே செய்யாது என்றதும் நல்லபடி ஓடிக்கொண்டிருந்த போன்களையெல்லாம் தூக்கிப் போட்டோம். சீனக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாய் வந்தன. எல்ஜி 2021-ல் போன் செய்வதையே நிறுத்திவிட்டது. நோக்கியா என்ற பெயரும் திரும்பி வந்தது. ஆனால் அந்தப் பெயரில் விற்றது ஹெச்எம்டி என்கிற வேறு கம்பெனி. "எங்க வீட்டுல எப்பவும் இந்தக் கம்பெனி குக்கர்தான்" என்று அம்மா காலத்தில் பெருமையாகச் சொல்வார்களே, அந்த விசுவாசமெல்லாம் போனில் செல்லாது. ஆகவே கம்பெனி மாற்றுவதைப் பற்றி நான் பயமுறுத்தவில்லை. எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி.

அத்தையின் பழைய போனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதற்கு என்ன குறை? காலையில் முழு சார்ஜ் ஏற்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுகிறது. "கெழவி மாதிரி, மதியானத்துக்கு மேல தாங்கல" என்கிறார் அத்தை. மற்றபடி படம் தெரிகிறது, பேச்சுக் கேட்கிறது, பேரனோடு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச முடிகிறது. அப்படியானால் வயதானது போன் இல்லை, பாட்டரி!

இந்த லித்தியம் பாட்டரிகளுக்கு ஆயுள் உண்டு. முழுசாக ஏற்றி முழுசாக இறக்குவது ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால், ஐந்நூறு தடவையில் பழைய சக்தியில் எண்பது சதவீதம்தான் மிஞ்சும் என்பது பல காலம் சொல்லப்பட்ட கணக்கு. அண்மையில் வந்த சில போன்களுக்கு ஆயிரம் தடவை என்கிறார்கள். தினம் ஒரு தடவை ஏற்றுகிறவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வருஷத்திலேயே தளர்ச்சி தெரிந்துவிடும். வெயிலும் சூடும் அதன் எமன். அடுப்பு மேடையில் வைத்து சமையல் வீடியோ பார்க்கிறோமே, அதுவும் கெடுதல். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் ஏற்றுவது அதைவிடக் கெடுதல்.

பாட்டரி தளர்ந்தால் போனே மெதுவாகப் போவதும் உண்டு. 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி, பாட்டரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணைந்து போகாமலிருக்க அவற்றின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக ஒப்புக்கொண்டது. உலகமெங்கும் ஜனங்கள் கோபப்பட்டார்கள். "புதுசு வாங்க வைக்கிற தந்திரமா?" என்று வழக்குப் போட்டார்கள். 2018-ல் 79 டாலராக இருந்த பாட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக இறக்கினார்கள். பாட்டரியை மாற்றியவர்களுக்குப் பழைய போனே மறுபடி வேகமாக ஓடியது. எத்தனை பேர் அதற்குள் அவசரப்பட்டுப் புதுசு வாங்கியிருப்பார்கள், பாவம்!

அத்தையின் போனை எடுத்துக்கொண்டு மறுநாள் திருவண்ணாமலை போனேன். ஒரு கடையில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குப் பாட்டரி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் கடைப் பையன், "அக்கா, இதுக்கு இவ்ளோ செலவு பண்றதுக்கு எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க, 5ஜி வாங்கிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பேசுவதற்கும் வாட்ஸ்அப்புக்கும் 4ஜி தாராளம் தம்பி என்றேன். பழைய போனுக்கு அவன் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விலையைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். இரண்டு கிலோ கடலை எண்ணெய் வராது.

அதற்காக எப்போதுமே பழசைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். போனின் முதுகு உப்பியிருக்கிறதா, திரை ஓரம் தூக்கிக்கொண்டு வருகிறதா? உள்ளே பாட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிஷமே சார்ஜில் போடுவதை நிறுத்துங்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். கடைக்காரரிடம் கொடுங்கள். குப்பையோடு சேர்த்து எரிப்பதும் கூடாது.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. போனைச் செய்த கம்பெனி அதற்குப் பாதுகாப்பு அப்டேட் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பூட்டு பழசானால் திருடனுக்குப் பழகிவிடும் அல்லவா, அந்த மாதிரி. விலை குறைந்த பல போன்களுக்கு இரண்டு, மூன்று வருஷத்தோடு அது நின்றுவிடும். 2023-ல் வந்த பிக்ஸல் 8, 2024-ல் வந்த சாம்சங் எஸ்24 போன்றவற்றுக்கு ஏழு வருஷம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவை விலை கூடியவை. அப்டேட் நின்ற போனில் பணம் அனுப்புவது, பாங்க் வேலை இவை வேண்டாம். சில பாங்குகளின் ஆப் தானே வேலை செய்ய மறுத்துவிடும். மிக்ஸி வாங்கும்போது வாரண்டி கேட்கிறோமே, போன் வாங்கும்போது காமிரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" என்று கேளுங்கள். கடைப் பையன் கொஞ்சம் விழிப்பான். பரவாயில்லை.

அத்தை போனில் பாங்க் ஆப் கிடையாது. மகளிர் உரிமைத் தொகை வரவானால் எஸ்.எம்.எஸ். வரும், அவ்வளவுதான். ஆகவே அவருக்குப் பழசே போதும். எனக்கு அப்படியில்லை. நான் அதில்தான் மளிகைக்கு, பாலுக்கு, கரண்டுக்குப் பணம் கட்டுகிறேன். என் போனுக்கு அப்டேட் நின்றால் நான் மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரே குடும்பத்தில் ஆளுக்கு ஆள் கணக்கு வேறு.

'இடம் இல்லை' என்று போன் சொல்வது மட்டும் மாற்றுவதற்குக் காரணமே அல்ல! அத்தை போனில் பார்த்தேன், பிள்ளையார், சூரியகாந்தி, காப்பிக் கோப்பை எல்லாம் போட்ட 'இனிய காலை வணக்கம்' படங்கள் ஆயிரத்துக்கு மேல். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டு, இருந்ததை அழித்தேன். பாதி போன் காலியாயிற்று. ஐயப்பன் படம் ஒன்றை மட்டும் அழிக்கக் கூடாது என்று அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

மாற்றுகிற நாளில் என்ன செய்வது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். 2021-ல் காலமான என் பெரியம்மாவுக்கு எழுத வராது. ஆனால் பிரசவ லேகியம் கிளறுவதில் எங்கள் சுற்றத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சுக்கு எவ்வளவு, திப்பிலி எவ்வளவு, சித்தரத்தையை எப்போது சேர்ப்பது, வெல்லப் பாகு எந்தப் பதம் என்று எனக்கு வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பியிருந்தார். ஏழெட்டுத் துண்டுகள். நடுவில் இருமல், "இருடி, அடுப்பப் பாத்துட்டு வர்றேன்" என்று ஒரு இடைவேளை. 2022-ல் நான் வேறு கம்பெனிப் போனுக்கு மாறினேன். பழசை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். நம்பர்கள் வந்தனவா என்று மட்டும் பார்த்தேன். அதிலும் பாதி வரவில்லை, ஏனென்றால் அவை போனுக்குள்ளேயே சேமித்தவை. 2024-ல் பெண்ணுக்குப் பிரசவம் ஆனபோது லேகியத்துக்காகப் பெரியம்மா குரலைத் தேடினேன். இல்லை. பாக்கப் எடுத்து வைக்கவேயில்லை. போனை வாங்கிக்கொண்ட கடையில் என் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தார்கள். நான்தான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். தப்பு என்னுடையது.

லேகியத்தை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும்…

அதனால் கையோடு சொல்லிவிடுகிறேன். நம்பர்களை சிம்மிலும் போனிலும் சிதற விடாமல் உங்கள் கூகுள் கணக்கில் சேமியுங்கள், எந்த ஆண்ட்ராய்டு போனுக்குப் போனாலும் அந்தக் கணக்கோடு கூடவே வரும். வாட்ஸ்அப்பில் 'சாட் பாக்கப்' என்று இருக்கும், மாற்றுவதற்கு முதல் நாள் அதைச் செய்யுங்கள். அதே நம்பர், அதே கூகுள் கணக்கு என்றால் புதுப் போனில் இறங்கிவிடும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி செல்லாது. புது ஐபோனை முதன்முதலாகத் தொடங்குகிற வேளையிலேயே 'மூவ் டு ஐஓஎஸ்' என்கிற ஆப் மூலம் மாற்ற வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால், புதுப் போனை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். உயிரான குரல், படம் எதுவும் இருந்தால் தனியாக ஒரு பென் டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ போட்டு வையுங்கள்.

பணம் அனுப்பும் ஆப்கள் புதுப் போனில் மறுபடி பதிவாக வேண்டும். சிம் அந்தப் போனுக்குள் இருந்தால்தான் ஆகும். முதல் 24 மணி நேரத்துக்குப் பெரும்பாலும் 5000 ரூபாய்க்கு மேல் போகாது. ஆகவே கல்யாண ஜவுளி எடுக்கப் போகிற நாளுக்கு முதல் நாள் போனை மாற்றிவிட்டுக் கடையில் நின்று கையைப் பிசையாதீர்கள். *#06# அடித்தால் வருகிற ஐஎம்இஐ நம்பரை வீட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தொலைந்தால், 2023-ல் அரசாங்கம் தொடங்கிய சஞ்சார் சாத்தி மூலம் போனை முடக்க அந்த நம்பர் வேண்டும். பழசை யாரிடமாவது கொடுக்குமுன் கணக்கிலிருந்து வெளியே வந்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, முழுக்க அழித்துக் கொடுங்கள். என்னைக் கேட்டால் ஒரு மாதமாவது பழசைக் கொடுக்காமல் வைத்திருங்கள். எது வரவில்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

சரி, அத்தை கதைக்கு வருவோம். சிம்மை எடுத்து மறுபடி பழைய போனிலேயே போட்டேன். என்னையே கூப்பிடச் சொன்னேன். என் படத்தைத் தொட்டார், என் போன் அடித்தது. "தோ, இது போன்!" என்றார்.

கொழுந்தனுக்குத்தான் மனசு கஷ்டமாகிவிட்டது. "ஏன் அண்ணி, நான் ஆசையா வாங்கிக் குடுத்தது புடிக்கலியா?" என்கிறான். நியாயம்தானே? அதனால் புதுப் போனைத் திருப்பி அனுப்பவில்லை. உட்கார்ந்து அதைப் பழைய போன் மாதிரி ஆக்கினேன். பழைய மணிச் சத்தத்தையே அதிலும் வைத்தேன். எழுத்தைப் பெரிசாக்கினேன். விரலால் தேய்க்கிற முறையை எடுத்துவிட்டு மூன்று குறிகளையும் கீழே கொண்டுவந்தேன். முதல் பக்கத்தில் எங்கள் எல்லார் படமும். அந்தப் போனில் சத்தம் கூட்டுகிற பட்டனை அழுத்தினாலே அழைப்பை எடுக்கும்படி வைக்கிற வசதி இருந்தது, அதையும் செய்தேன். எல்லாப் போனிலும் இது இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய போனிலிருந்து நெட் கொடுத்து, பேரனோடு மட்டும் புதுசில் பேசிப் பழக வேண்டும் என்று ஏற்பாடு. பழசு ஓய்வதற்குள் கை பழகிவிடுமே!

நேற்று அத்தை கூப்பிட்டார். பழைய போனிலிருந்துதான்.

"புதுசுல பேசிப் பழகறீங்களா அத்தே?"

"அது பீரோவுலதான் கீது கண்ணு. உங்க கொழுந்தன் வர்றான்னா மட்டும் எடுத்து டேபிள் மேல வெப்பேன். நீ அவன்கிட்ட சொல்லிடாத."